வாசகர் கேட்டவை: வியட்நாமுக்குப் புறப்படும் முன்

வியட்நாம் பயணம் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று சென்ற மாதம் அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் சரிபாதி, ‘ஒரே வாரத்தில் நாடு முழுவதையும் பார்த்துவிட முடியுமா’ என்பதையே வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்தன. ஆகையால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

*

கேள்வி: எனக்கு 63 வயது, கணவருக்கு 68. மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளுடன் அக்டோபர் கடைசியில் வியட்நாம் செல்லவிருக்கிறோம். பயண முகவர் கொடுத்த எட்டு நாள் நிரலில் ஹனோய், ஹா லாங், டா நாங், ஹோய் ஆன், ஹோ சி மின் நகரம் ஆகிய எல்லாமே இருக்கின்றன. எங்கள் இருவருக்கும் முழங்கால் வலி உண்டு. இந்த நிரல் எங்களுக்குச் சரிப்படுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் நிரலில் எனக்கு முதலில் உறுத்துவது முழங்கால் அல்ல, மாதம். வியட்நாம் வடக்கிலிருந்து தெற்குவரை ஏறத்தாழ 1,650 கிலோமீட்டர் நீளமுள்ள நாடு. நடுவில் ஓரிடத்தில் அதன் அகலம் 50 கிலோமீட்டர்தான். இப்படி நீண்டு கிடக்கும் நாட்டுக்கு ஒரே வானிலை இருக்க வழியில்லை. வடக்கே ஹனோயில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஸ்வெட்டர் தேவைப்படும் குளிர். அதே நாட்களில் தெற்கே சைகோனில், அதாவது இன்றைய ஹோ சி மின் நகரத்தில், மின்விசிறி இல்லாமல் உட்கார முடியாது. நடுப்பகுதியின் கணக்கோ இரண்டுக்கும் சேராதது. நம் கடலோர மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டுவதைப் போலவே டா நாங், ஹோய் ஆன், ஹுவே ஆகிய ஊர்களிலும் செப்டம்பரில் தொடங்கும் மழை டிசம்பர் வரை நீளும். அக்டோபரும் நவம்பரும் அங்கே வெள்ள மாதங்கள். ஹோய் ஆனின் பழைய வீடுகளுக்குள் நுழைந்தால், எந்த ஆண்டில் வெள்ளம் எதுவரை ஏறியது என்று சுவரில் கோடு கிழித்துத் தேதியிட்டு வைத்திருப்பதைக் காணலாம். சில கோடுகள் என் தலைக்கு மேலே இருந்தன. 2025 அக்டோபர் கடைசியிலும் அந்தத் தெருக்களில் படகுதான் ஓடியது.

ஆகவே உங்கள் நிரலிலிருந்து டா நாங்கையும் ஹோய் ஆனையும் தயங்காமல் நீக்கிவிடுங்கள். ‘டா நாங் அருகே மலைமேல் உள்ள தங்கப் பாலம் பார்க்காமல் வருவதா’ என்று பேரப்பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். மேகம் மூடிய மலையுச்சியில் மழைக்கோட்டோடு நின்று எதிரே நிற்பவரையே காண முடியாமல் திரும்புவதற்கு, ஆளுக்கு மூவாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் கொடுத்துக் கம்பிவட வண்டியில் ஏற வேண்டியதில்லை. அந்த ஊர்களுக்கு உரிய காலம் பிப்ரவரி கடைசி முதல் ஆகஸ்ட் வரை.

அக்டோபர் கடைசி வடக்குக்கு மிக நல்ல பருவம். வெயில் தணிந்து, ஈரப்பதம் குறைந்து, வானம் தெளிந்திருக்கும். ஹனோயில் மூன்று இரவு, நின் பின்னில் இரண்டு இரவு, ஹா லாங் விரிகுடாவில் படகில் ஓர் இரவு, மறுபடி ஹனோயில் ஓர் இரவு என்று வைத்துக்கொண்டால் உள்நாட்டு விமானமே வேண்டாம். விடியற்காலை நான்கு மணிக்குப் பெட்டி கட்டும் தொல்லையும் மிச்சம். ஹனோயிலிருந்து நின் பின் தெற்கே இரண்டு மணி நேரக் கார்ப்பயணம். ஹா லாங்குக்கு விரைவுச்சாலையில் இரண்டரை மணி நேரம். முகவர்கள் நின் பின்னை ஒரு பகல் பயணமாக அடக்கிவிடுவார்கள். என் கணக்கில், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வியட்நாமிலேயே அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அங்குள்ள சாங் ஆன் பகுதியில் துடுப்புப் படகில் உட்கார்ந்தபடியே மூன்று மணி நேரம் சுண்ணாம்புப் பாறை மலைகளுக்கு நடுவே, குகைகளுக்கு உள்ளே புகுந்து மறுபக்கம் வெளிவரலாம். 2014-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம் அது. பக்கத்தில் தாம் கோக் என்ற இடத்தில் படகோட்டும் பெண்கள் களைத்துப்போனால் பின்னால் சாய்ந்துகொண்டு கால்களாலேயே துடுப்பு வலிப்பார்கள். பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். குகைக்குள் கூரை தாழ்வாக வரும் இடங்களில் குனிய வேண்டியிருக்கும், அவ்வளவே சிரமம். படம் எடுக்க எல்லோரும் ஏறும் முவா குன்றுக்கு 500 படிகள். அதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

ஹா லாங் படகில் முன்பதிவு செய்யும்போது, அறை எந்தத் தளத்தில் இருக்கிறது, உணவுக்கூடத்துக்குப் போகும் ஏணி எவ்வளவு செங்குத்து என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். படகு நிறுத்தும் தி தாப் தீவின் உச்சிக்கு 400-க்கும் மேற்பட்ட படிகள் உண்டு. நீங்கள் இருவரும் கரையிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். புயல் எச்சரிக்கை வந்தால் துறைமுக நிர்வாகம் படகுகளை நிறுத்திவிடும். அப்போது பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா, வேறு தேதி மட்டும்தானா என்பதையும் முன்பே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். 2025 ஜூலையில் திடீர்ப் புயற்காற்றில் அங்கே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து பலர் இறந்தார்கள். கோடையிலும் செப்டம்பரிலும் அந்தக் கடலை நம்பிப் போகிறவர்கள் கையில் ஒரு நாளாவது உபரியாக வைத்திருப்பது நல்லது.

*

கேள்வி: வியட்நாம் விசாவுக்கு முகவர் ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய் கேட்கிறார். நாமே எடுத்துக்கொள்ள முடியுமா? என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடம் காலியாக உள்ளது. அதனால் சிக்கல் வருமா?
— வாசகர், சேலம்

பதில்: தாராளமாக நீங்களே எடுக்கலாம். 2023 ஆகஸ்ட் 15 முதல் வியட்நாமின் மின்விசா 90 நாள்வரை செல்லும். ஒருமுறை நுழைய 25 அமெரிக்க டாலர், பலமுறை நுழைய 50 டாலர். அந்நாட்டு அரசின் இணையதளத்தில் பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தையும் உங்கள் முகப்படத்தையும் ஏற்றி, அட்டை வழியாகப் பணம் கட்ட வேண்டும். விண்ணப்பம் மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பாது. அரசுத் தளத்தின் முகவரி ‘ஜி-ஓ-வி புள்ளி வி-என்’ என்று முடியும். தேடுபொறியில் முதலில் வந்து நிற்பவை பெரும்பாலும் அதைப் போலவே வேடமிட்ட தனியார் தளங்கள். விதிப்படி மூன்று வேலைநாளில் வர வேண்டியது, விடுமுறைக் காலங்களில் பத்து நாள்வரை இழுக்கும். மூன்று வாரம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

பெயர் விவகாரம் நம்மைப் போன்ற தமிழர்களுக்கே உரிய தலைவலி. பாஸ்போர்ட்டின் படப் பக்கத்தில், அடியில், சாய்ந்த அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். குடியேற்ற அலுவலகத்தின் இயந்திரம் படிப்பது அந்த வரிகளைத்தான். அவற்றில் உங்கள் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில், எந்த வரிசையில் இருக்கிறதோ அதையே விசாவிலும் விமானச் சீட்டிலும் இம்மி பிசகாமல் எழுதுங்கள். தந்தையின் பெயரை முதலெழுத்தாகச் சேர்ப்பது, விடுவது, விரிப்பது என்று ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொன்று செய்தால் சென்னை விமான நிலையத்திலேயே நிறுத்திவிடுவார்கள். என் உறவினர் ஒருவர் முகவரை நம்பி விட்டதில், விசாவில் பாஸ்போர்ட் எண்ணின் ஒரே ஓர் இலக்கம் மாறிப்போய், குடும்பத்தை ஏற்றி அனுப்பிவிட்டு இவர் மட்டும் நான்கு நாள் கழித்துப் போய்ச் சேர்ந்தார். விசா கைக்கு வந்த உடனே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். இரண்டு படி அச்செடுத்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் கம்போடியாவுக்குப் போய் அங்கோர்வாட் பார்த்துவிட்டுத் திரும்பும் எண்ணமிருந்தால் பலமுறை நுழையும் விசாவே தேவை. இருபத்தைந்து டாலரை மிச்சம் பிடிக்கப் போய், அங்கோர்வாட் இருக்கும் ஊரான சியாம் ரீப்பில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

*

கேள்வி: நாங்கள் முட்டையும் சேர்க்காத சைவம். வியட்நாமில் பட்டினிதான் என்று பயமுறுத்துகிறார்கள். புளிக்காய்ச்சலும் பொடியும் எடுத்துக்கொண்டு போவதைத் தவிர வேறு வழி உண்டா?
— வாசகி, மதுரை

பதில்: புளிக்காய்ச்சலை எடுத்துப் போங்கள், அது எந்த நாட்டிலும் வீணாகாது. ஆனால் பட்டினி என்பது மிகை. ‘சாய்’ என்ற ஒரு சொல்லை மட்டும் கண்ணால் அடையாளம் காணக் கற்றுக்கொண்டால் போதும். பௌத்த வழக்கப்படி இறைச்சி, மீன், முட்டை விலக்கிய உணவுக்கு அங்கே ‘சாய்’ என்று பெயர். கடைப் பலகையில் ‘கோம் சாய்’ என்றிருந்தால் அது சைவச் சாப்பாட்டுக் கடை. பக்தியில் ஊறியவர்கள் நடத்தும் கடைகளில் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்க்க மாட்டார்கள். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும், அதாவது நம் அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி, பலர் சைவம் உண்பதால் அன்று சாதாரணக் கடைகளிலும் ‘சாய்’ கிடைக்கும். பயணத் தேதியை முடிவு செய்யும்போது பஞ்சாங்கத்தை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

ஆபத்து, பொதுக் கடைகளில் ‘காய்கறி மட்டும்’ என்று கேட்டு வாங்குவதில்தான் இருக்கிறது. கண்ணுக்கு ஒரு துண்டு இறைச்சியும் தெரியாது; ஆனால் ‘ஃபோ’ சூப்பின் கொதிநீர் மாட்டெலும்பை மணிக்கணக்கில் வேகவைத்து இறக்கியதாக இருக்கும். நாட்டின் எல்லாச் சமையலறைகளிலும் உப்புக்கு அடுத்தபடியாக இருப்பது ‘நுவொக் மாம்’ எனும் மீன் சாறு. நெத்திலியை உப்பிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடித்தது அது. தட்டு நிறைய வதக்கிய ‘ராவ் முவோங்’ கீரை வரும். நம் ஊர்க் குளங்களில் படரும் வள்ளைக்கீரையேதான், பார்த்தவுடன் உங்களுக்கு நாவூறும். அதிலும் மீன் சாறோ சிப்பிச் சாறோ ஊற்றியிருப்பார்கள். சமைப்பவருக்கு அதில் வஞ்சகம் ஒன்றும் இல்லை. நாம் பெருங்காயத்தை எப்படி ஒரு பொருட்டாகச் சொல்வதில்லையோ அப்படித்தான் அவர்களும்.

‘நான் சைவம்’ என்பதற்கு ‘தோய் அன் சாய்’ என்பார்கள். ஆனால் வாயால் சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம். வியட்நாமியத்தில் ஒரே அசை, குரல் ஏறினாலும் இறங்கினாலும் வேறு சொல்லாகிவிடும். ‘சாய்’ என்பதையே ஒருவிதமாக உச்சரித்தால் ‘ஓடு’ என்று பொருள், இன்னொரு விதமாக உச்சரித்தால் ‘தீப்பற்றியது’ என்று பொருள். நான் ஒரு கடையில் மிகுந்த பணிவோடு ‘நான் ஓடித் தின்பேன்’ என்கிற மாதிரி ஏதோ சொல்லிவைத்து, பணியாளர்கள் எல்லோரும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மீன் சாறு, முட்டை, இறைச்சி, எலும்புச் சாறு எதுவும் வேண்டாம் என்று வியட்நாமியத்தில் எழுதிய சீட்டு ஒன்றை விடுதியில் எழுதி வாங்கிக் கைப்பேசியில் படமாக வைத்துக்கொண்டு, அதைக் காட்டுங்கள்.

ஹனோய், டா நாங், ஹோ சி மின் நகரம் மூன்றிலும் இந்திய உணவகங்கள் நிறைய உண்டு. விலை வியட்நாமியக் கடைகளைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. ஹா லாங் படகிலும் சாபா போன்ற மலையூர்களிலும்தான் கைவசம் ஏதாவது இருக்க வேண்டும். இன்னொரு எச்சரிக்கை: ஹனோயின் புகழ்பெற்ற முட்டைக் காபி பார்வைக்குப் பால் நுரை போலத்தான் இருக்கும். அது அடித்துக் கலக்கிய மஞ்சள் கரு.

*

கேள்வி: பணத்தை எந்த வடிவில் கொண்டுபோவது? லட்சக்கணக்கில் நோட்டு என்கிறார்களே, ஏமாறாமல் இருப்பது எப்படி?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: வியட்நாமின் நாணயமான டாங் நம் ஊரில் நியாயமான விலைக்குக் கிடைப்பது அரிது. ஆகவே இங்கே அமெரிக்க டாலர் வாங்கி, அங்கே வங்கியிலோ உரிமம் பெற்ற மாற்றகத்திலோ மாற்றுவதுதான் வழக்கம். ஒரு பயணத்துக்கு 3,000 டாலருக்கு மேல் நோட்டாக வாங்க நம் ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. அவ்வளவு தேவையும் இராது. கிறுக்கல், கிழிசல், முத்திரை இல்லாத நூறு டாலர் தாள்களாகக் கேட்டு வாங்குங்கள். மடிப்பில் நூலளவு கிழிந்திருந்தாலும் அங்கே விரலால் தள்ளிவிடுவார்கள்.

ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டாங். மனக்கணக்குக்கு எளிய வழி, கடைசி மூன்று சுழிகளை வெட்டிவிட்டு மூன்றால் பெருக்கி, விடையில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்வது. ஐம்பதாயிரம் டாங் சூப்பு என்றால் ஐம்பது மூன்று நூற்றைம்பது, அதோடு பதினைந்து: 165 ரூபாய். கடைக்காரர்களே அந்த மூன்று சுழிகளை எழுதுவதில்லை. பலகையில் ஐம்பது என்று போட்டுப் பக்கத்தில் ‘கே’ என்ற ஆங்கில எழுத்தை இட்டிருப்பார்கள்.

ஏமாற்றத்தைவிட அதிகம் நடப்பது நம்முடைய கைத்தவறு. இருபதாயிரம் தாளும் ஐந்து லட்சம் தாளும் நீலம். பத்தாயிரமும் இரண்டு லட்சமும் பழுப்புச் சாயல். ஹுவே நகரில் ஒரு சந்தை வாசலில் இளநீர் குடித்துவிட்டு, இருபதாயிரம் என்று நினைத்து ஒரு தாளை நீட்டிவிட்டு நடந்தேன். முப்பதடி போயிருப்பேன், பின்னால் செருப்புச் சத்தம். கூம்புத் தொப்பி அணிந்த அந்தக் கடைக்கார அம்மாள் மூச்சிரைக்க வந்து, என் தாளையும் தன் இடுப்புப் பையிலிருந்து எடுத்த ஓர் இருபதாயிரத்தையும் அருகருகே பிடித்துக் காட்டினார். இரண்டிலும் ஹோ சி மின் அதே தாடியோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றில் நான்கு சுழி, மற்றதில் ஐந்து. நான் கொடுத்தது ஏறத்தாழ 1,650 ரூபாய். என் கையிலிருந்த கட்டிலிருந்து அவரே சரியான தாளை உருவிக்கொண்டு, ஐந்து லட்சத்தை என் சட்டைப் பைக்குள் திணித்து, மேலே ஒரு தட்டும் தட்டிவிட்டுப் போனார். அன்று மாலையே இரண்டு பணப்பை வாங்கினேன். ஒரு லட்சமும் அதற்கு மேலும் ஒன்றில், மற்றவை இன்னொன்றில்.

எல்லோரும் அந்த அம்மாளைப் போல இருப்பதில்லை. ஹனோய் ரயில் நிலையத்தில் ஒரு வாடகைக்கார் ஓட்டுநர் ஐந்து லட்சம் தாளை வாங்கி, கண்ணிமைக்கும் நேரத்தில் இருபதாயிரம் தாளாக மாற்றிக் காட்டி, ‘இதுதானே கொடுத்தீர்கள்’ என்றார். அன்றிலிருந்து, கிராப் செயலியில் கட்டணத்தைப் பார்த்த பிறகே எந்தக் காரிலும் ஏறுகிறேன். தெருவில் பழக்கூடைக் காவடியைத் தோளில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பிறகு பணம் கேட்பார்கள். ‘செருப்பு பிய்ந்திருக்கிறது’ என்று குனிந்து பசை தடவிவிட்டுக் கூலி கேட்பார்கள். மிதிவண்டி ரிக்‌ஷாவில் பேசிய தொகை ஆளுக்கா, வண்டிக்கா என்பதைத் தாளில் எழுதிக் காட்டி முடிவு செய்த பின்னரே ஏறுங்கள். ஹோ சி மின் நகரத்தில் சாலையோரம் நின்று கைப்பேசியில் வழி பார்க்க வேண்டாம்; பைக்கில் வந்து பறித்துப் போவது அங்கே அடிக்கடி நடப்பது. கடைப் படியேறி உள்ளே நின்று பாருங்கள்.

*

கேள்வி: நண்பர்கள் நால்வர் ஹுவேயிலிருந்து டா நாங்குக்கு வாடகை பைக்கில் போக விரும்புகிறோம். உரிமம் கேட்க மாட்டார்கள் என்கிறார்கள். உண்மையா?
— கல்லூரி மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கடைக்காரர் கேட்க மாட்டார், உண்மைதான். கேட்பவர்கள் காவலரும் காப்பீட்டு நிறுவனமும். 50 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு அந்நாட்டில் செல்லும் உரிமம் இல்லாமல் விழுந்து காலொடித்துக்கொண்டால் பயணக் காப்பீடு ஒரு காசும் தராது. அங்கே போக்குவரத்து வலப்பக்கம். நம் கை, கண், பழக்கம் எல்லாம் இடப்பக்கத்துக்கானவை. தலைக்கவசம் 2007 டிசம்பர் முதல் கட்டாயம். 2020 முதல் ஒரு மிடறு பீர் குடித்திருந்தாலும் வண்டி ஓட்டுவது குற்றம்.

உங்கள் வழியில் வரும் ஹாய் வான் என்ற மலைக் கணவாயைப் பார்க்க வேறு இரண்டு நல்ல வழிகள் உண்டு. உள்ளூர்க்காரர் ஓட்ட, பின்னிருக்கையில் உட்கார்ந்து போகலாம், அல்லது ரயில். ஹுவேயிலிருந்து டா நாங் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். மலை விளிம்பில் கடலுக்கு நேர் மேலே ஊர்ந்து போகும் அந்தப் பாதையில், தெற்கு நோக்கிப் போகும்போது இடப்பக்க ஜன்னலைக் கேட்டு வாங்குங்கள்.

நடந்து சாலையைக் கடப்பதும் ஒரு கலைதான். பைக் வெள்ளம் நிற்கவே நிற்காது. ஒரே சீரான வேகத்தில், மெதுவாக, நேராக நடந்தால் அவை உங்களைச் சுற்றிப் பிரிந்து போகும். பாதியில் நிற்பதும், ஓடுவதும், பின்வாங்குவதும்தான் விபத்து. ஆனால் பேருந்தும் லாரியும் அப்படி விலகிப் போகா, அவற்றுக்கு வழி விட்டுவிடுங்கள்.

*

கேள்வி: 2027 பிப்ரவரி முதல் வாரத்தில் விமானச் சீட்டு மலிவாக இருக்கிறது. போகலாமா?
— வாசகர், வேலூர்

பதில்: 2027 பிப்ரவரி 6 அவர்களுடைய புத்தாண்டான ‘தெத்’. பொங்கலுக்கு முந்தைய நாள் கிளாம்பாக்கம் எப்படி இருக்குமோ, அப்படி நாடு முழுவதும் ஊருக்குப் புறப்படும்; ரயிலிலும் பேருந்திலும் இடம் இராது. பண்டிகையின் முதல் மூன்று நாள் சிறு கடைகள் அடைத்துக் கிடக்கும். ஹனோயில் பீச் மலர்க் கிளைகளும் தெற்கே மஞ்சள் மாய் மலர்த் தொட்டிகளும் விற்கும் சந்தைகளைப் பார்க்க ஆசையிருந்தால் பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பாகப் போய், ஒரே ஊரில் தங்கிவிடுங்கள். ஊர் ஊராகச் சுற்ற வேண்டுமென்றால் பிப்ரவரி 15-க்குப் பிறகு செல்லுங்கள்.

*

சிறு கேள்விகள் பல வந்துள்ளன. சுருக்கமாகப் பதில்: நம் இரண்டு முள் செருகி அங்கே பொருந்தும், மூன்று முள் பொருந்தாது, மின்னழுத்தம் நமக்குள்ளதே. கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளிக்கொள்ள வேண்டும். குழாய் நீரைக் குடிக்கக் கூடாது. மின்சிகரெட்டுக்கு 2025 முதல் தடை, பெட்டியில் வைத்துக்கொண்டும் போகாதீர்கள். ஹோ சி மின் நினைவு மண்டபம் காலையில் மட்டும் திறந்திருக்கும். திங்களும் வெள்ளியும் விடுமுறை. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். படுக்கைப் பேருந்தில் ஏறும்போது செருப்பைக் கழற்றி, ஓட்டுநர் தரும் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஐந்தே முக்கால் அடிக்கு மேற்பட்டவர்கள் அதில் கால் நீட்டிப் படுக்க முடியாது. கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்டிருந்த ஒருவருக்கு: ஆம், கழிப்பறைகளில் கழுவுவதற்குக் கைக்குழாய் இருக்கும்.

*

கேள்வி: எங்கள் ஐயா சைகோனுக்குக் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போனவர். அந்தக் காலத்து அடையாளங்கள் ஏதும் இன்னும் உண்டா? சம்பாப் பேரரசின் சிவன் கோயில்களையும் பார்க்க வேண்டும்.
— வாசகர், காரைக்குடி

பதில்: உண்டு. பிரெஞ்சுக்காரர் காலத்தில் நகரத்தார் வட்டிக்கடை நடத்திய தோன் தாட் தியெப் தெருவில் தெண்டாயுதபாணி கோயில் இன்றும் இருக்கிறது. சற்றுத் தள்ளி நாம் கி கோய் ஙியா சாலையில் சுப்பிரமணியர் கோயில். மூன்றாவதான மாரியம்மன் கோயில், பென் தான் சந்தையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், சுவாங் தின் தெருவில் உள்ளது. வழிபட வருபவர்களில் தமிழர் சிலரே. வியட்நாமியரும் சீனரும்தான் ஊதுபத்தியும் பூவுமாகக் கூட்டம் சேர்க்கிறார்கள். கருவறைச் சுவரில் கையை ஊன்றி, அம்மனின் காதில் சொல்வது போல் மெல்லிய குரலில் வியட்நாமியத்தில் வேண்டிக்கொள்ளும் பெண்களைப் பார்த்துக்கொண்டு நான் அரைமணி நேரம் நின்றேன். பழைய முகவரித் தாள்களை வைத்துத் தேடுவீர்களானால் ஒன்று கவனிக்க வேண்டும்: 2025 ஜூலை 1 முதல் வியட்நாமில் மாகாணங்கள் இணைக்கப்பட்டு, மாவட்டம் என்ற அடுக்கே நீக்கப்பட்டுவிட்டது. ‘முதல் மாவட்டம்’ என்று மக்கள் இன்னும் சொல்கிறார்கள். ஆவணங்களில் அது இல்லை. தெருப்பெயரையும் கதவிலக்கத்தையும் வைத்துத் தேடுங்கள்.

முற்காலத்தில் நடு வியட்நாமை ஆண்ட சம்பா அரசர்களின் சிவாலயத் தொகுதியான மீ சொன், ஹோய் ஆனிலிருந்து 40 கிலோமீட்டர். நான்காம் நூற்றாண்டில் பத்ரவர்மன் இங்கே பத்ரேசுவரர் என்ற பெயரில் சிவனுக்குக் கோயில் எடுத்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டுவரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். பெரும்பாலும் செங்கல். 1969-இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் மிகப் பெரிய கோபுரம் தரைமட்டமானது. குண்டு விழுந்த பள்ளங்களில் இன்று புல் முளைத்திருக்கிறது. அண்மை ஆண்டுகளில் நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்புப் பணி செய்தது. 2020-இல் அந்தப் பணியின்போதுதான் ஒரே கல்லில் அமைந்த மணற்கல் லிங்கம் ஒன்று மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்டது. காலை ஏழு மணிக்கு முன்பாகவே போய்விடுங்கள். ஒன்பது மணிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வந்துவிடும். மலை சூழ்ந்த பள்ளத்தாக்கு ஆகையால் வெயிலும் அடுப்பாகக் கொதிக்கும். அங்கே காணாத சிற்பங்கள் டா நாங்கிலுள்ள சம்பா சிற்ப அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. முதலில் அருங்காட்சியகம், பிறகு மீ சொன் என்று வைத்துக்கொண்டால், வெறும் பீடத்தைப் பார்க்கும்போது அதன்மேல் இருந்தது எது என்பது நினைவில் இருக்கும்.

*

கேள்வி: உறவினர்களுக்கு வாங்கி வர என்ன பரிந்துரைப்பீர்கள்?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: காபிப்பொடியும், அதை வடிக்கும் ‘ஃபின்’ என்ற சிறு வடிகட்டியும். நம் பித்தளை பில்டருக்கு அது ஒன்றுவிட்ட தம்பி. தம்ளரின் மேல் தொப்பி போல உட்கார்ந்து, டிகாஷனைச் சொட்டுச் சொட்டாக நேரே அதில் இறக்கும். முதலில் ஒரு கரண்டி வெந்நீர் விட்டுப் பொடியை நனைத்து, அரை நிமிடம் பொறுத்துப் பிறகு நிரப்ப வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும். அடியில் இரண்டு விரல் உயரம் கெட்டிப்பால் ஊற்றி வைப்பது அவர்கள் வழக்கம். பொடி பெரும்பாலும் ரோபஸ்டா, ஆகவே கசப்பு தூக்கலாக இருக்கும். மலிவான பொட்டலங்களில் சோளமும் சோயாவும் வறுத்துக் கலப்பதுண்டு. கண்ணெதிரே அரைத்துக் கொடுக்கும் கடையில் வாங்குங்கள். நம் வீட்டுச் சிக்கரிப் பொடியை மட்டும் அந்த வடிகட்டியில் போட்டுவிடாதீர்கள். நைசான தூள் துளைகளை அடைத்துக்கொண்டு, நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முக்கால் மணி நேரம் காத்திருந்தும் கால் தம்ளர்கூட இறங்கவில்லை.